இந்திய நேர மாற்றங்களும் கணினி நேர வலயத் தரவும்

இந்திய சீர் நேரம் ஒருங்கிணைந்த பன்னாட்டு நேரத்தை விட 5 மணி 30 நிமிடம் முன்னதாக உள்ளது. இந்தியாவில் இப்போது பகலொளி சேமிப்பு நேரம் வழக்கில் இல்லை. எனவே இந்த ஐந்தரை மணியை நிரலில் நிலையாக எழுதினால் போதும் என்று தோன்றும். ஆனால் பழைய நாள்களைக் கணக்கிடும்போது அது பிழையான விடையைத் தரும்.

வரலாறு

நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைந்த சென்னை வானாய்வகத்தைச் சேர்ந்த ஜான் கோல்டிங்காம் 1802-இல் சென்னையின் நேரத்தைக் கணித்தார். கிரீன்விச்சை விட ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முன்னதான இந்த நேரமே பின்னர் இரயில்வேயின் பொது நேரமாயிற்று. 1906 சனவரி 1 முதல் இந்திய சீர் நேரம் நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டிருந்தன. இலங்கையில் மின் தட்டுப்பாட்டால் 1996-இல் மே, அக்டோபர் மாதங்களில் இரு முறை நேரம் மாற்றப்பட்டது. 2006 ஏப்ரலில் அந்நாடு மீண்டும் ஐந்தரை மணிக்குத் திரும்பியது.

கணினியில் பதிவு

ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980-களில் தொடங்கிய நேர வலயத் தரவுத்தளம் இத்தகைய மாற்றங்களை நாள்வாரியாகப் பதிகிறது. இதில் இந்தியாவின் பெயர் 'ஏசியா/கொல்கத்தா'. லினக்சு இதனைப் பயன்படுத்துகிறது. விண்டோசு 'இந்தியா ஸ்டாண்டர்டு டைம்' என்ற தனிப்பெயரையும் தனித் தரவையும் வைத்துள்ளது. அத்தரவில் போர்க்கால மாற்றம் இல்லை.

எடுத்துக்காட்டாக, 1944 சனவரி 10 அன்று இந்தியாவில் காலை 10 மணி என்பது பன்னாட்டு நேரத்தில் அதிகாலை 3:30. விண்டோசின் தரவை மட்டும் நம்பும் நிரல் 4:30 என்று காட்டும். ஒரே நிரல் இரு இயங்குதளங்களில் இரு விடை தருவது இதனால்தான்.

தீர்வு

இரு பெயர்களையும் இணைக்கும் அட்டவணையை யூனிகோடு கூட்டமைப்பு வெளியிடுகிறது. ஆனால் பெயர் பொருந்தினாலும், விடுபட்ட வரலாறு தானாக வந்துவிடாது. பைத்தான் 3.9 (2020) இதற்கு வேறு வழி கண்டது. அதன் 'ஜோன்இன்ஃபோ' நிரலகம் இயங்குதளத்தில் உள்ள நேர வலயத் தரவுத்தளத்தைப் படிக்கிறது. அத்தரவு இல்லாத விண்டோசில் 'டிசெட்டேட்டா' என்ற தொகுப்பை நிறுவிக்கொள்ளலாம். இதனால் எந்த இயங்குதளத்திலும் ஒரே விடை கிடைக்கும்.

நாடுகள் நேர விதிகளை மாற்றும்போதெல்லாம் தரவுத்தளமும் திருத்தப்படுகிறது. நிரலை மாற்றாமல் தரவை மட்டும் புதுப்பித்தால் போதும்.