காவலர் இடுப்பில் இருந்த ரிவால்வர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தில், கனெக்டிகட் நதிக்கரையிலுள்ள ஸ்பிரிங்ஃபீல்ட் நகரத்தில், ஹோரஸ் ஸ்மித், டேனியல் வெஸ்ஸன் என்ற இருவர் ஸ்தாபித்த தொழிற்சாலையிலிருந்து 1899ஆம் வருஷம் வெளிவந்து, ‘மிலிட்டரி அண்டு போலீஸ்’ என்று நாமகரணம் பெற்ற ரிவால்வரைப் போல், இத்தனை தேசத்துக் காவலர்களின் இடுப்பில் இத்தனை காலம் நிலைத்து நின்ற ஆயுதம் வேறொன்று உண்டென்று எனக்குத் தோன்றவில்லை. ஏறக்குறைய 60 லட்சம் ரிவால்வர்கள் இவ்வகையில் செய்யப்பட்டன. சுடும் வன்மையால் வந்த கீர்த்தியன்று இது; அதனினும் வன்மை மிக்க கைத்துப்பாக்கிகள் அக்காலத்திலேயே இருந்தன. சுட வேண்டாத வேளையில் சுடாமலிருக்கும்படி அதனை அமைத்து, அந்த அமைப்பை வருஷக்கணக்காகத் திருத்திக்கொண்டே வந்த தொழில் நேர்மைதான் அதன் விசேஷம் என்பது என் அபிப்பிராயம்.

அந்நாட்டு நகரங்களில் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் கடைசி வரையில், காவலர் தத்தமக்குக் கிடைத்த துப்பாக்கியைச் சுமந்து திரிவது சாதாரணமாக இருந்தது. பின்னாளில் ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட், 1895 முதல் 1897 வரை நியூயார்க் போலீஸ் கமிஷனர் சபைக்குத் தலைமை வகித்தபோதுதான், அனைவருக்கும் கோல்ட் கம்பெனியின் .32 ரிவால்வர் ஒன்றையே நியமித்து, குறி பார்த்துச் சுடும் பயிற்சியையும் ஏற்படுத்தினார். ஸ்மித்–வெஸ்ஸனின் .38 ரிவால்வர் வந்தபோது, ஒரே மாதிரியான ஆயுதம் வேண்டும் என்ற எண்ணம் போலீஸ் இலாகாக்களில் இவ்வாறு வேரூன்றத் தொடங்கியிருந்தது.

பட்டாளத்தார் வழங்கிவந்த பழைய .38 தோட்டா வலுப்போதாது என்று கண்டு, அதன் கூட்டைச் சற்று நீட்டி, 18 கிரெயினாக இருந்த கருமருந்தை 21½ கிரெயினாக்கி, 158 கிரெயின் ஈயக்குண்டு பொருத்திய ‘.38 ஸ்பெஷல்’ என்னும் தோட்டாவே இந்த ரிவால்வரோடு சேர்ந்து பிரசித்தி அடைந்தது. ரிவால்வரை வலக்கையில் பிடித்து, இடப்பக்கமுள்ள சிறு பொத்தானைப் பெருவிரலால் முன்னே தள்ளினால், ஆறு அறைகள் கொண்ட உருளை இடப்புறமாக வெளியே சாய்கிறது. அதன் நடுவிலுள்ள கம்பியை உள்ளே அழுத்தினால், காலிக் கூடுகள் ஆறும் ஒருங்கே வெளியில் விழுகின்றன. உருளையின் பின்புறத்தில் மட்டுமே பூட்டியிருந்தால் காலப்போக்கில் தளர்ச்சி காணும் என்று கருதி, 1902இல் குழலின் அடியில் ஒரு முளை வைத்து, அந்தக் கம்பியின் முன்நுனியையும் அதில் பூட்டினார்கள். தோட்டாவை அடிக்கும் ‘குதிரை’யைப் பெருவிரலால் பின்னே இழுத்து நிறுத்திவிட்டுச் சுடுவது ஒரு முறை. அப்போது விசை இலேசாக அசைந்தாலே போதும். விசையை மட்டும் நெடுக இழுத்துச் சுடுவது மற்றொரு முறை. அதற்குச் சுமார் 12 பவுண்டு பலம் வேண்டும். அந்த ஒரே இழுப்பில் உருளை இடஞ்சுழியாக ஓரறை நகர்ந்து, தாழ் விழுந்து நின்று, குதிரை எழுந்து அடிக்கிறது. பயத்தில் நடுங்கும் விரலுக்கு அவ்வளவு எளிதில் இசையாத இந்தக் கனத்தை, காவலர் ஆயுதத்துக்குரிய குணமாகவே நான் மதிக்கிறேன்.

இரண்டாவது மகாயுத்தத்தின் தொடக்கத்தில் ஸ்மித்–வெஸ்ஸன் கம்பெனி முழுகிப்போகும் நிலைக்கு வந்தது. பிரிட்டிஷ் சர்க்காரிடம் 10 லட்சம் டாலர் முன்பணம் வாங்கிக்கொண்டு செய்த இலேசான துப்பாக்கி, பரீட்சையில் தேறவில்லை, பணமோ செலவாகிவிட்டது. கடனுக்கு ஈடாக அவர்கள் கொடுக்க முன்வந்தது, பிரிட்டிஷ் தோட்டாவுக்கு ஏற்றபடி துளைத்த இந்த ரிவால்வரையே. பிறகு பிரிட்டனுக்கும் அதன் டொமினியன்களுக்கும் 5 லட்சத்துக்கு மேல் போயின. வெற்றியைக் குறிக்கும் ‘வி’ என்ற எழுத்தை வரிசை எண்ணுக்கு முன்னே தாங்கிய அவற்றுள் பல, பளபளப்பில்லாத, மங்கலான யுத்தகால ரிவால்வர்கள்.

அமெரிக்கக் கடற்படைக்குக் கொடுத்த இத்தகைய ரிவால்வர் ஒன்று 1944இல் கப்பலின் இரும்புத் தளத்தில் தவறி விழ, குதிரை அடிபட்டு வெடித்து, ஒரு மாலுமியின் உயிரைக் குடித்தது. குதிரை தற்செயலாக முன்னே பாயாமல் தடுக்க உள்ளே தடை இல்லாமலில்லை. ஆனால் அது வளையும் தகட்டின் பலத்தையே நம்பியிருந்தது. கடற்படையார் இந்த ஆயுதத்தையே ஒதுக்கிவிடக்கூடிய அபாயம் நேர்ந்தபோது, தொழிற்சாலைப் பொறியாளர்கள் விரைவில் ஒரு மாற்று கண்டனர். பக்கத்தகட்டில் சாய்வாக வெட்டிய காடியில் ஓடும் மெல்லிய எஃகுப் பட்டை அது. விசை இழுபடாத வரையில் குதிரைக்கும் சட்டத்துக்கும் நடுவே அது நிற்கும். விசையை முழுவதும் இழுத்தால் மட்டும் விலகும். விசையை விட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும். வில்லின் தயவை எதிர்பாராமல், விசையோடு அசையும் உறுப்பே அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. மூடிய ரிவால்வரில் கண்ணுக்குப் புலப்படாத அந்தச் சிறு பட்டையைவிடச் சிறந்த உறுப்பு இதில் வேறில்லை என்பேன்.

யுத்தம் முடிந்தபின் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்தவை பலவற்றை வியாபாரிகள் .38 ஸ்பெஷலுக்காக மறுபடி துளைத்து, குழலைக் குறுக்கி, மலிவாக விற்றார்கள். 1963 நவம்பர் 22ஆம் தேதி டல்லாஸ் நகரில் டிப்பிட் என்ற காவலரை, ஜனாதிபதி கென்னடியைக் கொன்றதாகக் கைதான லீ ஹார்வி ஆஸ்வால்டு சுட்டது, தபால் மூலம் வாங்கிய அப்படிப்பட்ட ஒன்றினால்தான். பழைய குழல் சற்று அகலமாகையால் குண்டுகள் சரியாகப் படியாமல் ஓட, அவற்றின் கீறல்களைக் கொண்டு துப்பாக்கியை நிச்சயிக்க நிபுணர்களால் பெரும்பாலும் முடியவில்லை. கீழே கிடந்த காலிக் கூடுகளே சாட்சியாயின. காவலருக்கென்று செய்த ஆயுதம் காவலரையே கொன்ற அந்தச் சம்பவத்தை இதன் சரித்திரத்திலிருந்து மறைப்பது நியாயமாகாது.

1957இல் ‘மாடல் 10’ என்ற எண்ணைப் பெற்ற இந்த ரிவால்வரின் செல்வாக்கு, 1986இல் மயாமி நகரத்தில் எஃப்.பி.ஐ. உத்தியோகஸ்தர் இருவர் மாண்ட சண்டைக்குப் பின் வேகமாகக் குறைந்தது. ஆறு தோட்டா போதாது என்ற வாதம் வலுத்து, போலீஸ் இலாகாக்கள் பல தோட்டாக்களை ஏற்கும் தானியங்கிப் பிஸ்டல்களுக்கு மாறின. 1993இல் நியூயார்க்கும் மாறியது. ஆயினும் ரிவால்வரைக் கைவிட மனமில்லாத பழைய காவலர்கள் சிலர் 2018 வரையில் அதை வைத்திருக்க அனுமதி பெற்றனர். புதிய பிஸ்டலின் விசை இலேசாக இருந்ததால் விபரீதம் விளையக்கூடும் என்று அஞ்சிய நியூயார்க் இலாகா, தனக்கென்று வலுவான வில்லைப் பொருத்தச் செய்து, ரிவால்வருக்கு வேண்டியிருந்த அதே சுமார் 12 பவுண்டு பலத்தை அதற்கும் ஏற்படுத்தியது.