மஸ்டாங் கணினி அறியாத இன்ஜெக்டர்

இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கு, இன்ஜெக்டர் வழியே எவ்வளவு பெட்ரோல் இறங்கியது என்று நேரடியாகத் தெரியாது. அதன் கையில் இருப்பது நேரம் மட்டுமே. இன்ஜெக்டரின் வால்வை இத்தனை மில்லிசெகண்டு திறக்கச் சொல்லி மின்துடிப்பு அனுப்பும். அந்த நேரத்தில் இவ்வளவு பெட்ரோல் பாய்ந்திருக்கும் என்பது, காரை வடிவமைத்தவர்கள் நினைவகத்தில் எழுதிவைத்த அட்டவணைக் கணக்கு. இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டுப் பெரிதாக ஒன்றைப் பொருத்தினாலும் கணினி பழைய கணக்கையே நம்பிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் இன்ஜினை மாற்றியமைத்துச் சக்தி கூட்டியவர்கள் பல பத்தாண்டுகள் போராடியது இந்த நம்பிக்கையோடுதான்.

கார்புரேட்டர் காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. சின்னப் பித்தளை ஜெட்டைக் கழற்றி, துளை பெரிதான இன்னொன்றைத் திருகினால் பெட்ரோல் கூடிவிடும். பென்டிக்ஸ் நிறுவனம் 1950களில் உருவாக்கிய எலெக்ட்ரோஜெக்டர் என்ற மின்னணு இன்ஜெக்டர் முறை, கிறைஸ்லரின் 1958 மாடல் கார்கள் சிலவற்றில் வந்தது. அன்றைய மின்னணுப் பாகங்கள் வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்கவில்லை. அந்தக் கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னர் கார்புரேட்டரே பொருத்தப்பட்டது. பென்டிக்ஸின் காப்புரிமைகளைப் பெற்ற ஜெர்மனியின் போஷ், 1967இல் ஃபோக்ஸ்வேகன் 1600 காரில் டி-ஜெட்ரானிக் முறையைக் கொண்டுவந்தது. புகைக் கட்டுப்பாடு இறுகிக்கொண்டிருந்த அமெரிக்கச் சந்தைதான் அதன் முதல் குறி.

அடுத்து 1970களில் வந்த எல்-ஜெட்ரானிக், உள்ளே வரும் காற்றை ஒரு தகட்டால் அளந்தது. காற்றின் வேகம் தள்ளத் தள்ள, ஸ்பிரிங்கை எதிர்த்துத் தகடு திறக்கும். பெரிய இன்ஜெக்டர் போட்டவர்கள் அந்த ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்கிவிட்டார்கள். தகடு குறைவாகத் திறந்தது. காற்று குறைவு என்று எண்ணிய கணினி துடிப்பைச் சுருக்கியது. கலவை சரியாக அமைந்தது. இன்ஜெக்டர் பற்றிய கணக்கைத் திருத்த வழியில்லாததால் காற்றின் கணக்கைப் பொய்யாக்கினார்கள்.

இதே தந்திரம் பெரிய வியாபாரமாக வளர்ந்தது ஃபோர்டு மஸ்டாங் 5.0 காரில்தான். 1986 மாடலில் சிலிண்டருக்கொரு இன்ஜெக்டர் வந்தது. அப்போது கணினி காற்றை அளக்கவில்லை. இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தையும் சுழற்சி வேகத்தையும் வைத்து ஊகித்தது. கேம்ஷாஃப்டை மாற்றினால் அந்த ஊகம் தவறிப்போகும். 1988இல் கலிஃபோர்னியாவிலும் 1989இல் மற்ற மாநிலங்களிலும், சூடான கம்பியைக் கொண்டு காற்றின் நிறையை அளக்கும் மீட்டர் வந்தது. மாற்றங்களை ஏற்றுக்கொள்ளும் கார் என்று மஸ்டாங் பேரெடுத்தது அதன் பிறகு.

ஆலையில் பொருத்திய இன்ஜெக்டர் மணிக்கு 19 பவுண்டு பெட்ரோல் பாய்ச்சும். காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜர் போட்டால் அது போதாது. 24 அல்லது 30 பவுண்டு இன்ஜெக்டர் வேண்டும். கடைகளில் அந்தந்த அளவுக்கென்றே ‘காலிபிரேட்’ செய்த காற்று மீட்டர்கள் விற்பனைக்கு வந்தன. 24 பவுண்டுக்கான மீட்டர், உண்மையான காற்றில் சுமார் 79 சதவீதத்தை மட்டுமே கணினிக்குச் சொல்லும். 30 பவுண்டுக்கானது 63 சதவீதம்தான் சொல்லும். கணினி துடிப்பை அதே விகிதத்தில் குறைக்க, பெரிய இன்ஜெக்டர் சரியான அளவு பெட்ரோலைக் கொடுத்துவிடும். ஒரு பெட்டியை வாங்கி, நான்கு போல்ட் முடுக்கினால் வேலை முடிந்தது.

ஆனால் அந்தப் பொய் பெட்ரோலோடு நிற்கவில்லை. ஸ்பார்க் எப்போது விழவேண்டும் என்பதையும் கணினி அதே காற்றுக் கணக்கைப் பார்த்தே முடிவுசெய்தது. காற்று குறைவென்றால் இன்ஜினுக்குச் சுமை குறைவு. அப்போது ஸ்பார்க்கை முன்கூட்டியே விடலாம். உண்மையில் சூப்பர்சார்ஜர் சிலிண்டருக்குள் காற்றைத் திணித்துக்கொண்டிருக்கும்போது ஸ்பார்க் முந்தினால், கலவை நேரந்தவறி வெடித்து பிஸ்டனைத் தாக்கும். ஆக்ஸிஜன் சென்சார் காப்பாற்றவும் வழியில்லை. சீரான ஓட்டத்தில்தான் அதன் திருத்தம் செல்லும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் கணினி அதைக் கேட்காது.

இன்னொரு தொல்லை இன்ஜெக்டருக்குள்ளேயே இருந்தது. மின்சாரம் வந்த கணமே வால்வு திறப்பதில்லை. காயில் காந்தமாகி ஊசியைத் தூக்கக் கிட்டத்தட்ட ஒரு மில்லிசெகண்டு வீணாகும். இதை ‘டெட் டைம்’ என்பார்கள். பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் அது நீளும். ஐட்லிங்கில் பழைய இன்ஜெக்டர் 1.5 மில்லிசெகண்டு பெட்ரோல் பாய்ச்சவேண்டும் என்று கொள்வோம். இரட்டிப்பு அளவுள்ள புதியதற்கு 0.75 போதும். டெட் டைம் கணக்கில் 0.1 மில்லிசெகண்டு பிழை நேர்ந்தால், பழையதில் தவறு 7 சதவீதம், புதியதில் 13 சதவீதம். ரேஸில் பறந்த கார் சிக்னலில் நிற்கும்போது விக்கியதற்கும், ஹெட்லைட் போட்டதும் தடுமாறியதற்கும் இந்தச் சின்னப் பிழை போதுமான காரணம்.

ஆகவே பொய் சொல்வதை விட்டு, கணினியின் நினைவகத்தையே திறக்க முற்பட்டார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் அட்டவணைகள் கழற்றக்கூடிய சிப்பில் இருந்தன. அவற்றுக்கு ஈடான, அழித்து எழுதக்கூடிய சிப்புகளைப் புற ஊதா விளக்கின் கீழ் சில நிமிடங்கள் வைத்து அழித்து, புதிய எண்களை எழுதிப் பொருத்தினார்கள். எந்த எண் எதைக் குறிக்கிறது என்று நிறுவனம் சொல்லித்தரவில்லை. ஆர்வலர்கள் நிரலை வரிவரியாகப் பிரித்துக் கண்டுபிடித்தார்கள். ஃபோர்டு கணினியின் பின்புறமிருந்த சர்வீஸ் இணைப்பில் மாற்று சிப்பைச் செருகும் வழியும் பிறந்தது.

2001இல் புரூஸ் பவுலிங், அல் கிரிப்போ என்ற இரு அமெரிக்கர்கள் மெகாஸ்க்விர்ட் கணினியை, வாங்குபவரே சால்டர் செய்துகொள்ளும் கிட்டாக வெளியிட்டார்கள். இன்ஜினுக்குத் தேவையான பெட்ரோல், இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் நேரம், வோல்டேஜுக்கேற்ற திருத்தம் மூன்றையும் அதில் தனித்தனியே நிரப்பலாம். நிறுவனங்கள் பூட்டிவைத்திருந்த அறிவு, வீட்டு கராஜில் சால்டரிங் அயர்ன் பிடித்தவர்களின் கைக்கு வந்தது. இந்தத் துறையில் இதைவிடப் பெரிய கொடை வேறில்லை.

கார் நிறுவனங்களின் அட்டவணைகளும் இதற்குள் நுட்பமாகியிருந்தன. 1990களின் இறுதியில் வந்த ஜெனரல் மோட்டார்ஸ் எல்.எஸ் இன்ஜின்கள் பலவற்றில் பெட்ரோல் சுமார் 4 பார் அழுத்தத்தில் மாறாமல் நிற்கும். மேனிஃபோல்டில் வெற்றிடம் கூடும்போது இன்ஜெக்டரின் இரு முனைகளுக்கிடையே அழுத்த வேறுபாடு ஏறும். ஐட்லிங்கில் பாய்ச்சல் 8 சதவீதம்வரை கூடலாம். அதனால் இன்ஜெக்டர் பாய்ச்சலுக்கு ஒற்றை எண் போதாமல், வெற்றிடத்துக்கேற்ப ஒரு வரிசை எண்கள் வேண்டியதாயிற்று.

இன்று தரமான இன்ஜெக்டர்கள் பரிசோதனை மேடையில் அளந்த விவரங்களோடு விற்கப்படுகின்றன: வெவ்வேறு அழுத்தத்தில் பாய்ச்சல், வெவ்வேறு வோல்டேஜில் டெட் டைம், மிகக் குறுகிய துடிப்பில் ஏற்படும் விலகல். ட்யூனர் முதலில் இவற்றை உள்ளிட்டுவிட்டுத்தான் மற்ற அட்டவணைகளைத் தொடுகிறார். அவை சரியாக இருந்தால், இன்ஜின் எவ்வளவு காற்றை இழுக்கிறது என்ற அட்டவணை காற்றைப் பற்றி மட்டுமே பேசும். அடுத்த முறை இன்ஜெக்டரை மாற்றும்போது அதிலோ ஸ்பார்க் அட்டவணையிலோ கைவைக்க வேண்டியிராது.