முக ஃபில்டர்

முக ஃபில்டர் என்பது, செல்பேசிக் கேமராவில் தெரியும் முகத்தைப் படம் எடுக்கும்போதே மாற்றிக் காட்டும் மென்பொருள். நாய்க்காது, பூக்கிரீடம் போன்ற விளையாட்டு வேடங்கள் ஒரு வகை. தோலை மழமழப்பாக்கி, நிறத்தை வெளுக்கவைத்து, மூக்கையும் தாடையையும் ஒடுக்கும் ‘பியூட்டி ஃபில்டர்’ இன்னொரு வகை. தன்னுரு (தன் தோற்றத்தைப் பற்றித் தன் மனத்தில் உள்ள படம்) பற்றிய விவாதம் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைச் சுற்றியே நடக்கிறது.

செயல்படும் விதம்

மென்பொருள் முதலில் முகம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. பிறகு கண்ணோரம், மூக்கு நுனி, உதட்டு விளிம்பு எனப் புள்ளிகளைக் குறித்து ஒரு வலை பின்னுகிறது. கூகுளின் மீடியாபைப் வலையில் 468 புள்ளிகள். அதன்மேல் போர்த்தப்படும் வேடம் தலை திரும்பினால் தானும் திரும்பும். பழைய ஃபில்டர்களில் கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோனால் வேடம் நழுவி, சொந்த முகம் ஒரு கணம் எட்டிப்பார்க்கும். 2023-இல் வந்த டிக்டாக்கின் ‘போல்ட் கிளாமர்’ அவ்வளவு எளிதில் நழுவவில்லை. அதுவே அதைப் பேசுபொருளாக்கியது.

வரலாறு

பிலிம் காலத்து ஸ்டுடியோக்களில் நெகட்டிவின் மேல் பென்சிலால் தழும்பையும் சுருக்கத்தையும் மறைக்கும் ‘டச்-அப்’ ஒரு கைத்தொழிலாகவே இருந்தது. ஆனால் திருத்தியவர் வேறொருவர். கைக்கு வந்தது சுவரில் மாட்டும் ஒரு படம். வீட்டுக் கண்ணாடி பழைய முகத்தையே காட்டியது. ஃபில்டரோ கண்ணாடியின் இடத்திலேயே வந்து உட்கார்ந்தது. ஸ்னாப்சாட் 2015-இலும் இன்ஸ்டாகிராம் 2017-இலும் இவ்வசதியைக் கொண்டுவந்தன. சென்னையானாலும் வாசுதேவநல்லூர் போன்ற சிற்றூரானாலும் இன்று கைக்கு எட்டும் ஃபில்டர்கள் ஒரே மாதிரிதான்.

நிறம்

தமிழ்நாட்டுப் பெண் பார்க்கும் பேச்சில் ‘நல்ல சிவப்பு’ என்றால் வெளுத்த நிறம். ‘மாநிறம்’ பல வேளை சமாதானச் சொல். 1975-இல் சந்தைக்கு வந்த வெளுப்பூட்டும் கிரீமான ஃபேர் அண்ட் லவ்லி, 2020-இல்தான் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்பதை விட்டது. சென்னையைச் சேர்ந்த விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 2009-இல் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கத்தைத் தொடங்கியது. நடிகை நந்திதா தாஸ் பின்னர் அதன் முகமானார். ஃபில்டர் இந்தப் பழைய தரவரிசையைக் கணினிக்குள் கொண்டுபோயிற்று. 2017-இல் ஃபேஸ்ஆப் செயலியின் அழகூட்டும் ஃபில்டர் தோலை வெளுப்பாக்கியதற்கு அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. பயிற்சித் தரவின் சாய்வே காரணம் என்றது. கிரீம் பல வாரம் கழித்துத் தருவதாகச் சொன்னதை ஃபில்டர் அந்தக் கணமே, காசில்லாமல் காட்டிவிடுகிறது.

தன்னுருவின் மீது தாக்கம்

பிறர் கண்ணில் நாம் எப்படித் தெரிகிறோம் என்ற கற்பனையிலிருந்தே ‘நான்’ உருவாகிறது என்றார் அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் கூலி (1902). ஃபில்டர் இதில் ஒரு திருப்பத்தைச் சேர்க்கிறது: ஒப்பிடப்படுவது நடிகையின் முகமல்ல, தன் முகத்தின் திருத்திய வடிவம். அதனால் ‘அவள் வேறு, நான் வேறு’ என்று ஒதுங்க வழியில்லை. தம் ஃபில்டர் படத்தைப் போலவே முகத்தை மாற்றக் கேட்டு அழகுச் சிகிச்சைக்கு வருவோரைக் குறிக்க ‘ஸ்னாப்சாட் டிஸ்மார்ஃபியா’ என்ற சொல் 2018-இல் பரவியது. இது மருத்துவர்கள் கவனித்த போக்கு. தனி நோயாக வகைப்படுத்தப்படவில்லை. வேடிக்கைக்காகப் போட்டுக் கலைத்துவிடுவோரும் ஏராளம்.

கட்டுப்பாடுகள்

அறுவைச் சிகிச்சையைச் சித்திரிக்கும் ஃபில்டர்களை இன்ஸ்டாகிராம் 2019-இல் நீக்க முன்வந்தது. உடலோ தோலோ திருத்தப்பட்ட விளம்பரப் படத்தில் அதைக் குறிப்பிட வேண்டும் என்ற நார்வே சட்டம் 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. 2020-இல் கூகுள் தன் புதிய பிக்சல் செல்பேசிகளில் முகத்திருத்தத்தைத் தானாக இயங்காதபடி அணைத்து, அதற்கான பெயர்களிலிருந்து ‘அழகு’ என்ற சொல்லையும் விலக்கியது.