பகையறியா மருத்துவர் வில்லெம் கோல்ஃப்

நெதர்லாந்து நாட்டின் லெய்டன் நகரில் 1911ஆம் ஆண்டு பிறந்தவர் வில்லெம் கோல்ஃப். 1938இல் குரோனிங்கன் மருத்துவமனையில் இளம் மருத்துவராகப் பணியாற்றியபோது, சிறுநீரகம் செயலிழந்த 22 வயது இளைஞன் ஒருவன் அவர் கண்ணெதிரே சிறிது சிறிதாக மாண்டான். மகனைக் காக்க வழியில்லை என்று தாயிடம் கூற நேர்ந்த துயரம் அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை. நாள்தோறும் 20 கிராம் யூரியாவை இரத்தத்தினின்று நீக்க இயன்றால் அவன் உயிர் வாழ்ந்திருப்பான் என்று கணக்கிட்டார்.

1940இல் ஜெர்மானியப் படை நாட்டைக் கைப்பற்றியது. நாஜிகள் நியமித்த தலைவரின்கீழ்ப் பணிபுரிய மனமின்றி, கோல்ஃப் காம்பென் என்னும் சிற்றூருக்குச் சென்றார். போர்க்காலத் தட்டுப்பாட்டிலும் கிடைத்த பொருள்களைக் கொண்டே செயற்கைச் சிறுநீரகத்தை அமைத்தார். மரச்சட்டங்களாலான உருளையில் செலோபேன் குழாயைச் சுற்றி, உப்புக் கரைசல் நிறைந்த தொட்டியில் அதனைச் சுழலச் செய்தார். குழாயினுள் ஓடிய இரத்தத்தின் யூரியா நுண்துளைகள் வழியே கரைசலுக்குள் கசிந்து வெளியேறியது. இரத்த அணுக்களோ உள்ளேயே தங்கின.

1943இல் தொடங்கிய இம்முயற்சியில், முதல் 16 நோயாளிகளுள் 15 பேர் இறந்தனர். பிழைத்த ஒருவரும் கருவியின்றியே பிழைத்திருக்கக்கூடும் என்பதைக் கோல்ஃப் மறைக்கவில்லை.

போர் முடிந்த 1945இல், நினைவிழந்த 67 வயது மூதாட்டி ஒருவர் அவரிடம் கொண்டுவரப்பட்டார். நாஜிகளுக்குத் துணைநின்றவர் என்று சிறைவைக்கப்பட்டிருந்த அவரை ஊரார் வெறுத்தனர். அவர் பிழைப்பதை விரும்பாதாரும் இருந்தனர். அந்நாஜிகளாலேயே அல்லலுற்ற கோல்ஃபோ, அவரை ஒரு நோயாளியாக மட்டுமே கண்டார். பல மணி நேரச் சிகிச்சைக்குப் பின் மூதாட்டி கண்விழித்தார். மேலும் ஏழு ஆண்டுகள் வாழ்ந்தார். செயற்கைச் சிறுநீரகம் காத்த முதல் உயிர் இதுவே.

கோல்ஃப் தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கோரவில்லை. தாம் செய்த கருவிகளை லண்டன், நியூயார்க், மான்ட்ரியால் நகர மருத்துவமனைகளுக்கு இலவசமாக அனுப்பினார். 1950இல் அமெரிக்காவில் குடியேறி, செயற்கை இதய ஆய்விலும் முன்னோடியாக விளங்கினார். 2002இல் லாஸ்கர் விருது பெற்ற அவர், 2009இல் தம் 97ஆம் வயதில் மறைந்தார்.

இன்று உலகெங்கும் டயாலிசிஸ் சிகிச்சையால் எண்ணற்றோர் வாழ்கின்றனர். அவ்வாழ்வின் தொடக்கத்தில் நிற்பது, யார் எவர் என்று பாராமல் உயிரை மட்டுமே நோக்கிய ஒரு மருத்துவரின் கருணையாகும்.