சூட்டைக் காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

 

தேயிலை ஸ்டோரில் தூள் தீய்ந்துபோனால் முதலில் ஏச்சு வாங்குபவர் உலர்த்தி அருகே நிற்கும் தொழிலாளிதான். சூட்டைக் காட்டிய கருவி சரியா என்று கேட்பவர் குறைவு. ஆகவே அந்தக் கருவியின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அன்று கொழுந்தைக் கையால் உருட்டி, கரி அடுப்பின் மேல் காயவைத்தார்கள். கையும் மூக்கும்தான் அப்போது வெப்பமானி. பிறகு, சாமுவேல் டேவிட்சனின் 'சிரொக்கோ' போன்ற சூடான காற்று உலர்த்திகள் வந்தன. உள்ளே போகும் காற்று ஏறக்குறைய 90 முதல் 100 பாகை செல்சியஸ், வெளியேறும் காற்று 50 முதல் 55 பாகை இருக்க வேண்டும். குறைந்தால் தூள் அவிந்துபோகும். கூடினால் மேல்பக்கம் காய்ந்து உள்ளே ஈரம் நின்றுவிடும்.

இன்றைய கருவிகளில் முக்கியமாக இரண்டு வகை உணரிகள் உண்டு. ஒன்று வெப்ப இணை. இரு வேறு உலோகங்களின் மூட்டு சூடானால் மின் உண்டாகும் என்பதற்கு வழிகாட்டியது 1821இல் சீபெக் கண்டது. மற்றது பிளாற்றினத் தடை வெப்பமானி. 1871இல் வில்லியம் சீமன்ஸ் அதை முன்வைத்தார். ஆனால் அவருடைய கருவி சூடேறி ஆறியபின் அளவு மாறியது. அதைத் திருத்தி, 1887இல் நம்பிக்கையை மீட்டவர் கலண்டர்.

100 பாகையில் சாதாரண 'பி' தரப் பிளாற்றின உணரி 0.8 பாகை வரை பிசகலாம். 'கே' வகை வெப்ப இணையின் இரண்டாம் தரத்தில் அது 2.5 பாகை. ஆனால் உலையின் கடும் சூட்டைத் தாங்க வெப்ப இணையே ஏற்றது. உணரி சொல்வதை 4 முதல் 20 மில்லி அம்பியர் மின்னாக மாற்றித் திரைக்கு அனுப்புவது ட்ரான்ஸ்மிட்டர். உணரி ஒரு வகையாக இருக்க, ட்ரான்ஸ்மிட்டரை வேறு வகைக்கு அமைத்துவிட்டால் திரையில் வருவது பொய் எண்தான்.

சோதிக்க எளிய வழி, நொறுக்கிய ஐஸும் நீரும் கலந்த பாத்திரம். அதில் 0 காட்ட வேண்டும். கொதிநீரில் சோதித்தால் நம் மலைநாட்டில் கவனம் தேவை. நுவரெலியாவில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதிக்கும். அங்கே 100 காட்டும் கருவிதான் பிழை!

அளவிலும் நிறுவையிலும் நேர்மை வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். சூட்டை அளப்பதற்கும் அது பொருந்தும். அடுத்தமுறை தூள் தீய்ந்தால், ஆளை ஏசுமுன் உணரியைச் சோதிக்கச் சொல்வோம்.