பேஸ் இல்லா ஊருக்கு ஆறு கம்பியே சர்க்கரை

தர்மபுரி பக்கம் கிட்டார் கத்துக்கிற பசங்களை ஒரு லாரியில ஏத்தலாம் மக்களே. அதுல பேஸ் கிட்டார் வாசிக்கிறவன் எத்தனை பேர்னு கேட்டா, கிளீனர் உட்கார்ற இடமே போதும். எல்லாருக்கும் லீட் வேணும். மேடையில முன்னால வந்து நிக்கணும்ல!

நாங்க மூணு பேர். வாரம் பூரா பெங்களூர்ல பொட்டி தட்டிட்டு, சனிக்கிழமை பஸ் பிடிச்சு பாலக்கோடு வந்து, நண்பன் வீட்டு மாடி ரூம்ல பாட்டு ரெக்கார்ட் பண்ற கோஷ்டி. சொத்து விவரம்: ஒரு எலெக்ட்ரிக் கிட்டார், ஒரு லேப்டாப், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ். இப்போ கையில இருக்கிறது பம்பை வெச்சு ஒரு பாட்டு. பம்பைக்காரர் வந்து அசத்திட்டுப் போயிட்டார். பாடியாச்சு, கிட்டாரும் வாசிச்சாச்சு. கேட்டுப் பார்த்தா அஸ்திவாரம் போடாம சுவர் எழுப்பின மாதிரி இருக்கு. பேஸ் இல்லை. இந்த ஒரு பாட்டுக்காக பேஸ் கிட்டார் வாங்க யாருக்கும் மனசு வரலை. "கிட்டார்லயே பேஸ் எடுத்துடலாம்"னு ஒருத்தன். "அது போங்குடா"ன்னு இன்னொருத்தன். போங்கா இல்லையான்னு தெரிஞ்சுக்கத்தான் பழைய கதையை நோண்ட ஆரம்பிச்சேன். நோண்டினதுல கிடைச்சதுதான் இது.

முதல்ல கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, அரியர் வைக்கிற அளவுக்கு இல்லை :-)

கிட்டாரோட தடிமனான கம்பி நொடிக்கு 82 தடவை அதிரும். பேஸ் கிட்டாரோட தடிமனான கம்பி 41 தடவை. சரியா பாதி, அதாவது ஒரு ஸ்தாயி கீழே. கம்பி எப்படி அதிரும்கிற விதியை 1636-லயே மெர்சென்னு ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் எழுதி வெச்சுட்டார். சுருதி பாதியாகணும்னா கம்பி நீளத்தை ரெண்டு மடங்கு ஆக்கணும், இல்லைன்னா கம்பியோட எடையை நாலு மடங்கு ஆக்கணும், அதுவும் இல்லைன்னா இழுவிசையைக் கால்வாசியா குறைக்கணும். நம்ம மிருதங்கத்துல இடது பக்கத் தொப்பியில ரவையைக் குழைச்சுப் பூசுறாங்களே, அது எடை கூட்டுற வழிதான். மெர்சென் யாருன்னே தெரியாம கச்சேரிக்குக் கச்சேரி நம்மாளுங்க பண்ணிட்டிருக்காங்க.

கிட்டார் கம்பியைத் தளர்த்தி ஒரு ஸ்தாயி இறக்கிப் பாருங்க. துணி காயப் போடற கொடி மாதிரி தொங்கும், ஃப்ரெட்டுல மோதி 'டர்ர்'ருங்கும். அதனால பேஸ்ல எல்லாத்தையும் சேர்த்தே மாத்தினாங்க. கிட்டார் கம்பி நீளம் 25.5 அங்குலம், பேஸ்ல 34. கிட்டாரோட தடிமனான கம்பி 0.046 அங்குலம், பேஸ்ல 0.105. கணக்குப் போட்டா இழுவிசை கிட்டாரை விட ரெண்டு மடங்குக்கும் மேல வருது. பேஸ் வாசிக்கிறவங்க விரல் ஏன் காய்ச்சுப் போயிருக்குன்னு இப்போ புரியுதா?

இந்த அளவுகளோட பேஸை ஊருக்கெல்லாம் கொண்டு சேர்த்தவர் கலிஃபோர்னியாக்காரர் லியோ ஃபெண்டர். வருஷம் 1951. அவருக்கு முன்னாடியே 1930-கள்ல சியாட்டில்ல பால் டட்மார்க்னு ஒருத்தர் ஃப்ரெட் வெச்ச எலெக்ட்ரிக் பேஸ் செஞ்சிருக்கார், ஆனா அது விலை போகலை. அதுவரைக்கும் அடி ஸ்தாயிக்கு ஆள் உயர டபுள் பேஸ்தான். தூக்கிட்டு அலையவும் கஷ்டம், பேண்டு சத்தத்துல காதுல விழறதும் கஷ்டம். ஃபெண்டர் தன் கருவிக்கு 'பிரிசிஷன் பேஸ்'னு பேர் வெச்சதுக்குக் காரணம், ஃப்ரெட் இருக்கிறதால சுருதி துல்லியமா வரும்கிறதுதான். சும்மா சொல்லலை, கிட்டார்காரன் கையில குடுத்தா அன்னிக்கே வாசிச்சுடுவான்.

அப்படித்தான் நடந்துச்சு. 1956-ல டேன்எலெக்ட்ரோ கம்பெனி ஆறு கம்பி பேஸ் விட்டது. 1961-ல ஃபெண்டரே 'பேஸ் சிக்ஸ்'னு ஒண்ணு விட்டார். ரெண்டுமே கிட்டார் மாதிரியே சுருதி, ஒரு ஸ்தாயி மட்டும் கீழே. கிட்டார்காரங்களை பேஸ் பக்கம் இழுக்கிற தூண்டில்! எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை கேரல் கேயோடது. லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டுடியோக்கள்ல கிட்டார் வாசிச்சிட்டிருந்தவங்க. 1963-ல ஒரு ரெக்கார்டிங்குக்கு பேஸ் வாசிக்கிறவர் வரலை, கருவியை இவங்க கையில குடுத்தாங்க. அதுக்கப்புறம் அமெரிக்காவுல அதிகமா ரெக்கார்ட் ஆன பேஸ் கலைஞர்கள்ல ஒருத்தர் ஆயிட்டாங்க. கிட்டார் பிக்காலயே பேஸ் வாசிச்சவங்க. அந்த 'டக்' சத்தம்தான் அவங்க அடையாளமே.

ஆக, பேஸ் கிட்டார்ங்கிறதே பாதி கிட்டார்காரங்க கதைதான். போங்கு கட்சிக்கு முதல் அடி.

சரி, கையில பேஸே இல்லைன்னா? அங்கதான் டேப் வருது. டேப்பைப் பாதி வேகத்துல ஓட்டினா எல்லாமே ஒரு ஸ்தாயி இறங்கும். லெஸ் பால் 1948-லயே, டேப்ல இல்லை, டிஸ்க்ல இதைத் தலைகீழா பண்ணினார். மெதுவா ஓட்டிப் பதிவு பண்ணி, வேகமா ஓட்டிக் கேட்டா, கிட்டார் வண்டு மாதிரி பறக்கும். 1979-ல டாஸ்காம் கம்பெனி 'போர்ட்டாஸ்டுடியோ'ன்னு கேசட்லயே நாலு டிராக் பதியற மெஷின் விட்டது. அது கேசட்டை சாதாரண வேகத்தை விட ரெண்டு மடங்கு வேகமா ஓட்டும். அதுல பதிஞ்ச கேசட்டை வீட்டு டேப் ரெக்கார்டர்ல போட்டா, கிட்டார் அப்படியே பேஸ் ஆயிடும் (பாடினவர் பூதமாயிடுவார், அது வேற விஷயம்).

இதுல ஒரு அழகு இருக்கு. பாதி வேகத்துல ஓட்டும்போது சுருதி மட்டும் இறங்கலை. கம்பியைத் தட்டுற சத்தம், நாதம் தேய்ஞ்சு போற நேரம், எல்லாமே ரெண்டு மடங்கா நீளுது. அதாவது எல்லா அளவும் ரெண்டு மடங்கான ஒரு ராட்சசக் கிட்டாரை வாசிச்ச கணக்கு. 25.5 அங்குலக் கம்பி 51 அங்குலம் ஆகுது. டபுள் பேஸ் கம்பியே 42 அங்குலம் கிட்டதான்!

அடுத்த வழி பெடல். ஈசிஈ படிச்ச மக்கள் இந்த இடத்துல காலரைத் தூக்கி விட்டுக்கலாம். 1970-கள்ல வந்த எம்எக்ஸ்ஆர் 'புளூ பாக்ஸ்', 1982-ல வந்த பாஸ் 'ஓசி-2' ரெண்டுக்குள்ளயும் வேலை பார்க்கிறது, லேப்ல வேண்டா வெறுப்பா வயர் சொருகினோமே, அதே ஃப்ளிப்-ஃப்ளாப்தான். ரெண்டு அலை உள்ளே போனா ஒரு அலை வெளியே வரும். அதிர்வெண் பாதி. ஆனா ஒரு நேரத்துல ஒரு சுரம்தான் புரியும். கார்டு வாசிச்சா குழம்பிப் போய் உளறும். 1989-ல டிஜிடெக் 'வாமி' டிஜிட்டலா அதே வேலையைச் செஞ்சது. 2003-ல வந்த ஒயிட் ஸ்ட்ரைப்ஸோட 'செவன் நேஷன் ஆர்மி'யை ஃபுட்பால் மைதானம் மைதானமா கத்துறாங்களே, அந்தக் குழுவுல பேஸ் வாசிக்க ஆளே கிடையாது. ஜாக் ஒயிட் கிட்டாரை வாமியில ஒரு ஸ்தாயி இறக்கி வாசிச்சதுதான் அந்த 'பேஸ்'. உலகத்துல பாதிப் பேர் அதை பேஸ் கிட்டார்னு நினைச்சு முனகிட்டிருக்காங்க.

இப்போ நம்மூருக்கு வருவோம். பேஸ்னா தமிழனுக்கு ராஜாதானே. 1976-ல 'அன்னக்கிளி' வர்றதுக்கு முன்னாடி ராஜா என்ன பண்ணிட்டிருந்தார்? ஜி.கே.வெங்கடேஷ்கிட்ட உதவியாளர், ஸ்டுடியோக்கள்ல கிட்டார் வாசிப்பு. தன்ராஜ் மாஸ்டர்கிட்ட மேற்கத்திய இசைப் பாடம். கிட்டார் பிடிச்ச கை அது. அந்தக் கைதான் பேஸுக்குத் தனியா நோட்ஸ் எழுதிச்சு. சசிதரன் வாசிச்ச அந்த பேஸ் வரிகளைக் கேளுங்க. 'ஜானி' (1980), 'பயணங்கள் முடிவதில்லை' (1982), 'மௌன ராகம்' (1986) எதை வேணும்னாலும் எடுத்துக்கோங்க. மூல சுரத்தை மட்டும் 'தும் தும்'னு தட்டிட்டு நிக்காது. ஏறும், இறங்கும், பாடகர் மூச்சு விடற இடத்துல ஒரு வார்த்தை பேசிட்டுப் போகும். பாட்டுக்குள்ள இன்னொரு பாட்டு. கிட்டார் தெரிஞ்சவர் எழுதினதால தான் அப்படின்னு நான் அடிச்சுச் சொல்வேன். சண்டைக்கு வர்றவங்க வரலாம்.

ஆனா ஒரு விஷயம் யோசிச்சீங்களா? அந்த பேஸை நம்ம ஜனங்க எதுல கேட்டாங்க? டிரான்சிஸ்டர்ல. பென்னாகரம் டீக்கடையில தொங்கின டப்பா ஸ்பீக்கர்ல. உள்ளங்கை அகல ஸ்பீக்கர்ல 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிசா எதுவும் வராது. பேஸோட கடைசிக் கம்பி 41 ஹெர்ட்ஸ். அப்போ எங்கிருந்து கேட்டுச்சு?

மண்டைக்குள்ள இருந்துதான். ஒரு கம்பி அதிரும்போது 41 மட்டும் வராது. 82, 123, 164னு மடங்குகளும் கூடவே வரும். அடி அலையை ஸ்பீக்கர் முழுங்கினாலும், மேல் அலைகளுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியை வெச்சு மூளை 'இது 41'னு தானே நிரப்பிக்கும். சர்ச் ஆர்கன் கட்டுறவங்க இதே மாதிரி ஒரு தந்திரத்தால 32 அடிக் குழாயை மிச்சம் பிடிச்சிருக்காங்க. 16 அடிக் குழாயையும் 10 அடி 8 அங்குலக் குழாயையும் சேர்த்து ஊதவிட்டா, காதுக்கு 32 அடிக் குழாய் ஊதற மாதிரி இருக்கும். ஆக, டீக்கடையில ராஜாவோட பேஸுக்குத் தலையாட்டினவர் கேட்டதுல அடிப் பாகம் அவரே மனசுக்குள்ள வாசிச்சது. வரி மேலும் கீழும் நடமாடினதாலயும், மேல் அலைகள் தெளிவா இருந்ததாலயும் அது முழுசா போய்ச் சேர்ந்துச்சு.

போங்கு கட்சி இதோட சரண்டர் :-) கிட்டார்ல இருந்து பேஸ் எடுக்கிறவனுக்கு இதுல ஒரு பாடமும் இருக்கு. எல்லாரும் பண்றது, ஸ்தாயியை இறக்கிட்டு பேஸ் குமிழைக் கடைசி வரைக்கும் திருகுறது. ஹெட்ஃபோன்ல 'கும்'முனு இருக்கும், போன் ஸ்பீக்கர்ல போட்டா காணாமப் போயிடும். குமிழைத் திருகாதீங்க. லேசா டிஸ்டார்ஷன் குடுத்து மேல் அலைகளைக் கூட்டுங்க. அடியை மூளை பார்த்துக்கும்.

எங்க பாட்டு நிமிஷத்துக்கு 80 தட்டு. கிளிக்கை 160-ல வெச்சு, கழுத்துப் பக்கத்து பிக்கப்ல, டோன் குமிழைக் குறைச்சு, கட்டை விரலால வாசிச்சான் நண்பன். ஆடாசிட்டியில வேகத்தைப் பாதியாக்கினோம் (சுருதியும் சேர்ந்து இறங்கணும், அதனால டெம்போவை மட்டும் மாத்தற வசதி வேண்டாம்). இலவச மென்பொருள், 2000-ல இருந்து இருக்கு. பல்லவிக்கும் சரணத்துக்கும் ராட்சசக் கிட்டார் ரெடி. நடுவுல பம்பை துரத்துற இடத்துல மட்டும் இரட்டை வேகத்துல எவனாலயும் வாசிக்க முடியலை. அங்க நேர் வேகத்துல வாசிச்சு ஆக்டேவ் பிளக்இன் போட்டோம். ரெண்டும் சேர்ற இடம் தெரியாம இருக்க, ரெண்டுக்கும் ஒரே டிஸ்டார்ஷன்.

பம்பை அடி ஸ்தாயியில 'ஊம்'முனு வளைஞ்சு வர்ற இடத்துல பேஸ் உள்ளே போனா ரெண்டும் அடிச்சுக்குது. அதனால அந்த இடங்கள்ல எல்லாம் பேஸை எடுத்துட்டு, பம்பை மூச்சு விடற இடத்துல மட்டும் ரெண்டு சுரம் வெச்சோம்.