கோலிக்குண்டு: பழைய இயந்திரக் கோலிகளின் வரலாறும் அடையாளமும்

கோலிக்குண்டு என்பது சிறுவர்கள் விரலால் தெறித்து ஆடும் சிறு உருண்டை. கல், சுடுமண், விதை, இரும்பு எனப் பலவற்றால் கோலி ஆடப்பட்டிருந்தாலும், இருபதாம் நூற்றாண்டில் இந்தச் சொல் கண்ணாடி உருண்டையையே குறிக்கலாயிற்று. 1905க்குப் பின் இயந்திரத்தில் உருட்டப்பட்ட கண்ணாடிக் கோலிகளைத் திரட்டி, அவற்றின் காலத்தையும் செய்முறையையும் கண்டறிவது இன்று உலகின் பல நாடுகளில் வளர்ந்த ஒரு சேகரிப்புத் துறை. மதுரை–தென்காசிச் சாலையில் அடுத்தடுத்து இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் போன்ற ஊர்களில் கோலி பெட்டிக்கடைப் பாட்டிலிலிருந்து எண்ணிக் கொடுக்கப்பட்டது. உறையும் இல்லை, முத்திரையும் இல்லை. எனவே இவ்வூர்க் கோலியின் வரலாற்றை அதன் கண்ணாடியையும், ஆடியவர்களின் நினைவையும் கொண்டுதான் எழுத முடியும்.

பெயர்கள்

தமிழ்நாட்டில் கோலி, கோலிக்குண்டு, குண்டு, பளிங்கு என்ற பெயர்கள் வழங்குகின்றன. யாழ்ப்பாணத்தில் இது போளை. இந்தியிலும் தெலுங்கிலும் கோலி என்றே வழங்குவதால், தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளையும் தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளையும் ஒரே தெருவில் ஆடும் இராஜபாளையத்தில் இந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பந்து தாங்கிகளை உடைத்து எடுத்த எஃகுக் குண்டு ‘பால்ரஸ்’ எனப்பட்டது. நூற்பாலைகளும் லாரிப் பட்டறைகளும் உள்ள ஊர்களில் அது எளிதில் கிடைத்தது. கண்ணாடிக் கோலியைச் சில்லாக்கிவிடும் என்பதால் பல ஆட்டங்களில் பால்ரஸுக்குத் தடை இருந்தது.

கண்ணாடிக்கு முன்

சங்க காலப் பெண்கள் கழற்சிக்காயைக் கொண்டு ஆடிய கழங்கும், கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் புன்னைக்காயைக் கொண்டு ஆடிய ஆட்டங்களும் உருண்டை விளையாட்டின் பழைய வடிவங்கள். இவ்வூர்கள் அமைந்த விருதுநகர் மாவட்டத்திலேயே, வைப்பாற்றங்கரையில் உள்ள வெம்பக்கோட்டையில் 2022இல் தொடங்கிய அகழாய்வு, சுடுமண் விளையாட்டுப் பொருள்களையும் கண்ணாடி மணிகளையும் வெளிக்கொணர்ந்தது. கண்ணாடி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஆனால் அது மணியாகவும் வளையலாகவும்தான் இருந்தது. விளையாட்டுக் குண்டாக வந்தது மிகப் பிற்பாடு.

கையால் செய்த கோலி

கண்ணாடிக் கோலியைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது ஜெர்மனியின் லவுஷா என்னும் மலையூர். அங்கே 1840களின் பிற்பகுதியில் ‘கோலிக் கத்தரி’ என்ற கருவி உருவானது. கத்தரியின் ஒரு முனையில் கிண்ணம் போன்ற குழிவு இருக்கும். வண்ண இழைகள் பொதிந்த சூடான கண்ணாடிக் கம்பியின் நுனியை அதில் வைத்துச் சுழற்றி, உருண்டை ஆனதும் வெட்டிவிடுவார்கள். வெட்டிய இடத்தில் சொரசொரப்பான வடு நிற்கும். கைவேலைக் கோலிக்கு அந்த வடுதான் கையெழுத்து. முதல் உலகப்போர் வரை உலகச் சந்தையை ஆண்டவை இந்த ஜெர்மானியக் கோலிகளே.

இயந்திரக் கோலி

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் உள்ள ஆக்ரன் நகரத்தைச் சேர்ந்த மார்ட்டின் ஃபிரெடரிக் கிறிஸ்டென்சன், உருண்டைகளைச் செய்யும் இயந்திரத்துக்கு 1905இல் காப்புரிமை பெற்றார். உலையிலிருந்து கண்ணாடிக் குழம்பை ஒருவர் கம்பியில் சுருட்டி எடுத்து இயந்திரத்தின் மேல் வழியவிடுவார். துண்டாக விழுந்த குழம்பைச் சுழலும் பள்ளங்கள் உருட்டி எடுக்கும். கை ஒரு சுற்றுச் சுற்றியதன் அடையாளமாக இந்தக் கோலிகள் பலவற்றின் உச்சியில் 9 என்ற எண் போன்ற சுழியும், எதிர்ப்புறத்தில் வால் போன்ற வெட்டுக்கோடும் தெரியும்.

அடுத்து வந்த ஆக்ரோ அகேட் நிறுவனம் 1914இல் மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க் நகருக்கு இடம்பெயர்ந்தது. மணலும் எரிவாயுவும் அங்கே மலிவு. புரி வெட்டிய இரண்டு உருளைகள் ஒரே திசையில் சுழல, அவற்றின் இடையே உள்ள பள்ளத்தில் சூடான துண்டு உருண்டுகொண்டே முன்னேறி மறுமுனையில் கெட்டியான கோலியாக விழும் முறை பரவியது. இன்றுவரை கோலி ஆலைகளின் அடிப்படை இதுவே. குழம்பு விழும் வழியில் ஒரு கிண்ணத்தைச் சுழலவிட்டு, வண்ணப்பட்டை திருகாணிபோல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சுற்றிச் செல்லும் கோலியையும் ஆக்ரோ செய்தது. சேகரிப்பாளர்கள் தேடும் வகைகளுள் இதுவும் ஒன்று. ஆக்ரோ 1951இல் மூடப்பட்டது. இல்லினாய்ஸ் மாநிலத்தின் பெல்டியர், 1920களின் பிற்பகுதியில் சில ஆண்டுகளே இயங்கிய கிறிஸ்டென்சன் அகேட், விட்ரோ அகேட், மார்பிள் கிங் ஆகியவை இத்துறையின் பிற முக்கியப் பெயர்கள்.

பூனைக்கண் கோலி

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கோலி என்றதும் நினைப்பது தெளிந்த கண்ணாடிக்குள் நீலமோ பச்சையோ மஞ்சளோ இதழாக விரிந்த குண்டைத்தான். சேகரிப்பாளர்கள் இதைப் பூனைக்கண் என்பர். இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜப்பானிய ஆலைகள் இதைச் செய்து 1950களின் தொடக்கத்தில் உலகெங்கும் அனுப்பின. உருகிய நிறமற்ற கண்ணாடி ஒழுகும்போதே அதன் நடுவில் வண்ணக் கண்ணாடியைச் செலுத்திவிடுவதால், வண்ணம் மேற்பரப்புக்கு வராமல் உள்ளேயே இதழாக நிற்கும். அமெரிக்க நிறுவனங்களும் சந்தையைக் காப்பாற்றிக்கொள்ள இதே வகைக்கு மாறின. ஆகவே பூனைக்கண் ஒன்று கையில் கிடைத்தால், அது இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தையது என்று கொள்ளலாம். மேல்பரப்பில் வண்ணம் வளைந்து படர்ந்த குண்டாக இருந்தால், அதற்கு முந்தையதாக இருக்க இடமுண்டு.

சோடாக் கோலி

தென்மாவட்டங்களில் கண்ணாடிக் கோலியின் வரலாற்றைச் சோடா பாட்டிலிலிருந்து பிரிக்க முடியாது. இங்கிலாந்தின் ஹிராம் காட் 1872இல் காப்புரிமை பெற்ற பாட்டிலில், கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலியும் வாய்ப்பகுதியில் ஒரு ரப்பர் வளையமும் இருக்கும். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து வாயு ஏற்றினால், உள்ளே உள்ள அழுத்தமே கோலியை ரப்பரோடு சேர்த்து இறுக்கிவிடும். கடைக்காரர் கட்டையால் அழுத்தினால் கோலி இறங்கும். குடிக்கச் சாய்க்கும்போது அது மீண்டும் வாயை அடைக்காமலிருக்கக் கழுத்தில் இரண்டு கிள்ளல்கள் இருக்கும். இதே பாட்டில் ஜப்பானில் ‘ராமுனே’ பானத்துக்கு இன்றும் பயன்படுகிறது.

இந்த வட்டாரத்தின் பான வணிகத்தில் காளிமார்க் நிறுவனத்துக்குத் தனியிடம் உண்டு. 1916இல் விருதுநகரில் பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் அதைத் தொடங்கினார். சிறிய ஊர்களிலும் சோடாக் கம்பெனிகள் தோன்றி, சோடா, கலர், பன்னீர் சோடா ஆகியவற்றைக் கோலி பாட்டிலில் அடைத்துக் கடைகளுக்கு அனுப்பின. வாயு ஏற்றும் இயந்திரமும் பாட்டில்களும் இருந்தால் போதும், மூடி வாங்கத் தேவையில்லை என்பதே இந்த முறை சிறுதொழிலுக்குப் பொருந்தியதன் காரணம். உள்ளே கோலி இருப்பதால் கழுவுவது கடினம், உடைந்தால் இழப்பு, தெருச் சண்டையில் வீசப்படும் ஆயுதமாகவும் மாறியது என்பவை இதன் குறைகள். தகர மூடிப் பாட்டிலும் பிளாஸ்டிக் பாட்டிலும் வந்தபின் கோலி சோடா பின்வாங்கியது. அண்மை ஆண்டுகளில் புதிய நிறுவனங்கள் அதை மீட்டெடுத்துள்ளன.

உடைந்த பாட்டிலிலிருந்து பிள்ளைகள் எடுத்த குண்டே சோடாக் கோலி. அதில் பூ இல்லை, பட்டை இல்லை. மணலில் இருக்கும் இரும்பால் பெரும்பாலும் இளம்பச்சை அல்லது கடல்நீர் நிறம் தெரியும். பாட்டிலின் கண்ணாடி நிறமும் பல நேரம் அதுவே. சேகரிப்புச் சந்தையில் இதற்கு விலை குறைவு. ஆனால் இவ்வூர்களின் வரலாற்றுக்கு வண்ணத் திருகாணிக் கோலியை விட இது நெருக்கமானது. ஏனெனில் இதன் பாட்டில் எங்கே நிரப்பப்பட்டது, எந்தக் கடையில் திறக்கப்பட்டது என்பதை ஊர்ப் பெரியவர்களால் இன்னும் சொல்ல முடியும்.

ஆட்டமும் தேய்மானமும்

அமெரிக்கச் சிறுவர்கள் மடக்கிய விரலில் கோலியை வைத்துக் கட்டைவிரலால் தெறிப்பார்கள். தமிழ்நாட்டு முறை வேறு. இடக்கைக் கட்டைவிரலைத் தரையில் ஊன்றி, அதே கையின் நடுவிரலில் கோலியை வைத்து, வலக்கையால் பின்னுக்கு வளைத்து வில்லிலிருந்து விடுவதுபோல் விடுவார்கள். குழியாட்டம், பேந்தா போன்ற ஆட்டங்களில் தோற்றவர் கைமுட்டியை மடக்கி வைக்க, வென்றவர் அதன்மேல் கோலியால் அடிப்பார். தேவநேயப் பாவாணர் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ நூலில் கோலியாட்டங்களை முறையாகப் பதிவு செய்திருக்கிறார்.

இந்த வேகத்தில் கண்ணாடி கண்ணாடியோடு மோதும்போது மேற்பரப்புக்குக் கீழே பிறை வடிவ விரிசல் விழும். மண்ணில் உருண்டு உருண்டு முகம் மங்கும். ஆடிய கோலியையும் ஆடாத கோலியையும் பிரித்துச் சொல்வன இவ்விரண்டும்தான்.

அடையாளம் காணும் முறை

முதலில் எடை. சாதாரணக் கண்ணாடியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.5 கிராம் அளவு. எனவே 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கோலி ஐந்து கிராமுக்குச் சற்று மேல் இருக்கும். அதே அளவு பால்ரஸ் ஏறத்தாழ 17 கிராம். 25 மில்லிமீட்டர் பெரிய குண்டு 20 கிராம் அளவு. நகைக்கடைத் தராசும் ஒரு காலிப்பரும் இதற்குப் போதும்.

இரண்டாவது முனைகள். லென்ஸ் வைத்து எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். சொரசொரப்பான வடு இருந்தால் கைவேலை. மெல்லிய மடிப்போ வெட்டுக்கோடோ இருந்தால் இயந்திரம் துண்டித்த இடம். சில்லு பெயர்ந்த தழும்பை வடு என்று நம்பி ஏமாறக் கூடாது. பெயர்ந்த இடம் சிப்பி போல வழவழப்பாகக் குழிந்திருக்கும்.

மூன்றாவது வண்ணத்தின் இருப்பிடம். மேற்பரப்பிலா, உள்ளேயா, முழுக் கண்ணாடியும் கலந்தா என்று பார்த்தால் வகை பெரும்பாலும் பிடிபடும். இதழின் எண்ணிக்கை, திருகாணிச் சுற்று, 9 போன்ற சுழி ஆகியவை அடுத்த படி.

நான்காவது ஒளி. கள்ளநோட்டு பார்க்கும் புறஊதா விளக்கை இருட்டில் காட்டினால், யுரேனியம் சேர்த்த கண்ணாடி பளிச்சென்ற பச்சையாக ஒளிரும்.

ஒரே ஓர் அடையாளத்தை வைத்து ஆலையின் பெயரைச் சொல்லிவிடக் கூடாது. ஒரே வகையைப் பல ஆலைகள் செய்தன. உறையோடு கிடைத்த கோலிக்கு மட்டுமே ஆலைப் பெயர் உறுதி.

பெயரால் வரும் குழப்பம்

சேகரிப்பாளர்கள் ‘இந்தியன்’ என்று அழைக்கும் கோலி இந்தியாவில் செய்யப்பட்டதல்ல. கறுப்பு அடிப்படையில் வண்ணக் கோடுகள் ஓடும் ஜெர்மானியக் கைவேலைக் கோலிக்கு வழங்கும் பெயர் அது. ‘அகேட்’ என்று பெயர் வைத்த ஆலைகள் அகேட் கல்லைத் தொட்டதில்லை. நாம் பளிங்கு என்று சொல்லும் குண்டிலும் பளிங்குக்கல் இல்லை. பட்டியலில் உள்ள பெயரைப் பார்த்து ஊரை முடிவு செய்பவர் தவறுவார்.

சேகரிப்பும் பாதுகாப்பும்

இந்த வட்டாரத்தில் தேட வேண்டிய இடங்கள் பழைய இரும்புக் கடை, மூடிப்போன சோடாக் கம்பெனி, பல்லாங்குழியோடு கிடக்கும் பரண் பெட்டி, பழைய வீட்டை இடிக்கும்போது கிளறப்படும் மண் ஆகியவை. கிடைத்த கோலியை வெந்நீரில் போடக் கூடாது. திடீர் வெப்பத்தில் பழைய விரிசல் பிளந்துவிடும். வெதுவெதுப்பான நீரும் கொஞ்சம் சோப்பும் போதும். ஒன்றோடொன்று உரசாமல் பஞ்சில் தனித்தனியே வைக்க வேண்டும்.

மெருகேற்றக் கூடாது என்பது எல்லாவற்றிலும் முக்கியம். சந்தைக் கணக்கில் புத்தம்புதுக் கோலிக்கே உயர்ந்த விலை என்பதால், தேய்ந்ததைத் தீட்டி விற்கும் வழக்கம் உண்டு. தீட்டினால் பிறை விரிசலும் மண் உரசலும் போய்விடும். அத்துடன் அது எந்தத் தெருவில் ஆடப்பட்டது என்பதற்கான கடைசிச் சான்றும் போய்விடும். ஆலையின் முத்திரை இல்லாத நம் கோலிக்கு ஆடிய கைகள் இட்ட முத்திரை அதுதான். எனவே ஒவ்வொரு கோலியோடும் ஒரு சீட்டு இருக்க வேண்டும்: கிடைத்த ஊர், தெரு, கொடுத்தவர் நினைவில் உள்ள ஆண்டு, அவர் அதை அழைத்த பெயர், ஆடிய ஆட்டம். குழி தோண்டி ஆடிய தலைமுறை இப்போது பாட்டன் பாட்டியாக இருக்கிறது. சீட்டில் எழுத வேண்டியதை அவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.